ஆரணியின் தெருக்கள்

சரித்திர நூல்களில் ஆரணி என்னும் பெயர் பெரும்பாலும் இரண்டே இடங்களில் தலைகாட்டுகிறது. ஒன்று 1751 டிசம்பர். மற்றொன்று 1782 ஜூன். முன்னதில் ராபர்ட் கிளைவும் ரஸா சாஹிபும் மோதினர். பின்னதில் சர் அயர் கூட்டும் நவாப் ஹைதர் அலியும் எதிரெதிரே நின்றனர். இவ்விரு போர்களையும் சில வரிகளில் முடித்துவிட்டு, நூலாசிரியர்கள் படைகளோடு சேர்ந்து தாமும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஊர் அங்கேயே நிற்கிறது.

இன்று தமிழகத்தார் ஆரணியை அறிந்திருப்பது போர்களால் அன்று, அரிசியாலும் பட்டாலும். சமையற்கட்டில் ஓர் ஆரணி, திருமண வீட்டில் ஓர் ஆரணி. இந்த இரண்டு தொழில்களுக்கும் அந்த இரண்டு போர்களுக்கும் தொடர்பே இல்லையென்றுதான் எவரும் எண்ணுவர். தொடர்பு உண்டு என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஊரை ஒட்டிக் கமண்டல நாகநதி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்; ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே மணலையே காணலாம். ஆற்றங்கரையை அணி செய்த ஆர் மரங்களால், அதாவது அத்தி மரங்களால், ஆர்+அணி ஆரணியாயிற்று என்பாருண்டு. ஆரண்யம் என்ற சொல்லின் திரிபென்பாரும் உண்டு. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இறங்கியவர் எளிதில் கரையேறுவதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு உள்ளே செல்வோம்.

புதிதாக வருபவருக்கு முதலில் ஏற்படுவது திகைப்பே. நகரமைப்பு என்ற ஒன்றை இவ்வூர் எப்போதேனும் கண்டதுண்டா என்ற ஐயம் எழும். அடகுக் கடையை அடுத்து ஜரிகைக் கடை. அதன் மாடியில் தட்டச்சும் கணினியும் கற்பிக்கும் பள்ளி. எதிரே நெல் தரகரின் மண்டி. பக்கத்துச் சந்திலிருந்து தறிச் சத்தம். சந்தின் முடிவில் ஒரு கோயில் கோபுரம். அதற்கு அப்பால் பள்ளிவாசல் மினாரா. மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் நிற்கும்; அதன் ஓட்டுநரை ஒருவர் தமிழிலும் ஒருவர் உருதுவிலும் ஏசுவர். இன்னும் சற்று நின்று கேட்டால் தெலுங்கும் காதில் விழும். பட்டுநூல்காரர் வீடுகளில் சௌராஷ்டிர மொழியும் உண்டு. ஊருக்கு வெளியே அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள். வீடு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது, தொழிற்சாலை எது என்று கோடு கிழிக்க முடியாத கலவை இது. ஒழுங்கை விரும்பும் கண்களுக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கும்.

ஆனால் பகுதிகளின் பெயர்களைக் கேட்டால் வேறொரு செய்தி வெளிப்படுகிறது. கோட்டை, ஆரணிப்பாளையம், கொசப்பாளையம், சைதாப்பேட்டை, சத்தியவிஜயநகரம். பாளையம் என்பது படை இறங்கிய இடம். பேட்டை என்பது அப்படையின் பின்னே வந்த சந்தை. கொசப்பாளையத்தில் குயவரின் பெயர் மறைந்திருக்கிறது. சைதாப்பேட்டை சென்னையிலும் உண்டு, வேலூரிலும் உண்டு. சையது என்ற பெயரே மக்கள் நாவில் சைதாவாயிற்று என்பர். ஆக, படைவீடாக இருந்த இடத்தில் நெசவாளர் தறி போட்டார்கள். சந்தையாக இருந்த இடத்தில் குடும்பங்கள் குடியேறின. வாளுக்கு வைத்த பெயர்களில் நூல் குடியிருக்கிறது.

கோட்டையின் கதையும் இதே கலவைதான். பீஜப்பூர் சுல்தான்களின் படை பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில் இறங்கியபோது அதன் தளபதிகளுள் ஒருவராக வந்தவர் ஷாஜி போன்ஸ்லே, சிவாஜியின் தந்தை. அவருடைய ஊழியத்திலிருந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்னும் மராட்டியப் பிராமணருக்கு ஆரணி ஜாகீராகக் கிடைத்தது. முஸ்லிம் அரசரின் படை, மராட்டியத் தளபதி, பிராமண ஜாகீர்தார், தமிழ்க் குடிகள்: இதுதான் அன்றைய அரசியல். பின்னர் முகலாயர் வந்தனர், ஆர்க்காட்டு நவாபுகள் வந்தனர், கும்பினியார் வந்தனர். மேலே இருப்பவர் மாறினாலும் ஜாகீர் அதே குடும்பத்தின் கையிலேயே நீடித்து, சுதந்திரத்திற்குப் பின் ஜமீன் ஒழிப்போடுதான் முடிவுற்றது. சத்தியவிஜயநகரம் என்ற பெயர், அங்கே அடக்கமான சத்தியவிஜய தீர்த்தர் என்னும் மத்வ மடாதிபதியை நினைவூட்டுவது. பூசிமலைக்குப்பத்துக் காட்டினுள் ஜாகீர்தார்கள் எழுப்பிய மாளிகை இன்று பாழடைந்து கிடக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். ஆரணியைச் சுற்றிலும் தமிழ்ச் சமணர் பழங்காலந்தொட்டு வாழ்கின்றனர். அருகிலுள்ள பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது. சற்றுத் தொலைவில் திருமலையில் மலையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார். இச்சமணர்களை ஊரார் நயினார் என்று அழைப்பர். நயினார் முகம்மது என்றும் நெய்னா என்றும் நம்மவர் வீடுகளில் வழங்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மரியாதைச் சொல் ஒன்று இரு சமயத்தாருக்கும் சொந்தமாயிருப்பது மொழியின் பெருந்தன்மை.

இனிப் போர்களுக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலி ஒருபுறமும் சந்தா சாஹிப் மறுபுறமும் உரிமை கொண்டாடிய காலம். முன்னவரை ஆங்கிலேயரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் தாங்கினர். தாங்கியவர்களின் நோக்கம் என்னவென்று இரு நவாபுகளுக்கும் விளங்காமற் போனதுதான் தென்னாட்டின் தலைவிதி. 1751-ல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டும் அதை மீட்க முடியவில்லை. பின்வாங்கிய அவரைத் துரத்தி வந்த கிளைவ் ஆரணிக்கருகே எதிர்கொண்டார். ரஸா சாஹிபிடம் பிரெஞ்சுக்காரர் சுமார் 300 பேர், சிப்பாய்கள் 2500 பேர், குதிரை வீரர் 2000 பேர். கிளைவிடம் ஆங்கிலேயர் 200, சிப்பாய்கள் 700, மராட்டியக் குதிரை வீரர் 600. எண்ணிக்கையைப் பார்த்தால் முடிவு மாறியிருக்க வேண்டும். ஆனால் இரு படைகளுக்கும் நடுவே கிடந்தவை நீர் நிறைந்த நெல் வயல்கள். சேற்றில் கால் புதைய முன்னேறிய படை நிலை குலைந்தது. வரப்புப் பாதையில் நெருக்கியடித்து வந்தவர்கள் துப்பாக்கிக்கு இரையாயினர். போர் முடிந்ததும் சிப்பாய்கள் சுமார் 600 பேர் ஆயுதங்களோடு கிளைவின் பக்கம் சென்றுவிட்டனர். கோட்டைத் தலைவரும் முகம்மது அலியின் கட்சிக்கு மாறினார். டிசம்பர் மாதத்து ஆரணி வயலைக் கண்டவருக்கு இந்தத் தோல்வியில் வியப்பு இராது.

முப்பது ஆண்டுகள் கழித்து நெல்லே மறுபடியும் படையை இங்கே இழுத்து வந்தது. ஹைதர் அலி 1780-ல் மைசூர் மலைகளிலிருந்து இறங்கிக் கர்நாடகத்தை வளைத்தபோது ஆரணிக் கோட்டையைத் தமது தானியக் கிடங்காகவும் படைக்கலச் சாலையாகவும் வைத்துக்கொண்டார். சுற்றிலும் ஏரிப் பாசனம். விளைந்த நெல் கையெட்டும் தொலைவில். பெரும்படையின் வயிற்றுக்கு வழி செய்த பின்பே போருக்குப் போகவேண்டும் என்பதை அவரைப் போல் உணர்ந்த தளபதிகள் அந்நூற்றாண்டில் குறைவு. அந்தக் கிடங்கைக் குறிவைத்தே அயர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ஆம் நாள் இரு படைகளும் மோதின. ஹைதர் பின்வாங்கினார், கூட் வெற்றி என்று எழுதிக்கொண்டார். ஆயினும் கோட்டை விழவில்லை. கிடங்கு ஹைதரிடமே இருந்தது. உணவின்றித் திரும்பியது வென்றதாகச் சொல்லப்படும் படையே. அதே ஆண்டு டிசம்பரில் சித்தூரை அடுத்த பாளையத்தில் ஹைதர் காலமானார்.

அவருக்குப் பின் அரியணை ஏறிய திப்பு சுல்தானுக்கு இப்பகுதி அந்நியமன்று. அவருடைய பெயரே ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயர். திப்பு என்றால் புலியும் வாளும் நமக்கு நினைவு வருகின்றன. பட்டுப்புழுவை நினைப்பவர் எத்தனை பேர்? தென்னாட்டுத் தறிகளுக்கு அதுவரை பட்டு நூல் வங்காளத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அதைத் தம் நாட்டிலேயே விளைவிக்க வேண்டுமென்று திப்பு விரும்பினார். மஸ்கட்டிலிருந்த தம் முகவருக்குப் புழுக்களையும் அவற்றை வளர்க்கத் தெரிந்தவர்களையும் அனுப்புமாறு எழுதினார். வங்காளத்துக்கு ஆள் அனுப்பினார். 1786-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அப்புழுக்களைக் கொண்டுவரச் சென்ற இருவர் திரும்பி வருகிறார்கள். புழுக்களைத் தங்கவைக்க ஏற்ற இடத்தை ஆயத்தம் செய்க என்பது அதன் சாரம். அவ்விருவரின் பெயர்கள் புர்ஹானுத்தீன், கஸ்தூரி ரங்கா. சுல்தானை வீழ்த்திய கும்பினியின் அதிகாரி கர்க்பாட்ரிக் அக்கடிதங்களைத் திரட்டி 1811-ல் லண்டனில் அச்சிட்டார். திப்புவின் கொடுமைகளை உலகுக்குக் காட்ட வெளியிட்ட நூலிலேயே இந்தப் புழுக் கடிதமும் இருப்பதை என்னவென்பது!

சுல்தான் 1799-ல் வீழ்ந்தார். முசுக்கொட்டைச் செடி வீழவில்லை. ராமநகரம், சென்னபட்டணம், சித்லகட்டா, கொள்ளேகால் என்று அது மைசூர் நாடெங்கும் பரவியது. இன்றும் ஆரணித் தறிகளுக்கு வேண்டிய பட்டில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்தே வருகிறது. 1782-ல் தந்தையின் படை ஆரணியின் நெல்லை உண்டது. மகன் வரவழைத்த புழுவின் வழியே அந்நாட்டிலிருந்து ஆரணிக்கு நூல் வருகிறது. எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படாத கொடுக்கல் வாங்கல்.

அந்த நூல் சேலையாகும் வழியைத் தொடர்ந்து சென்றால், முன்னே குழப்பமாகத் தோன்றிய தெருக்கள் ஒவ்வொன்றாகத் தெளிவடைகின்றன. கூட்டிலிருந்து நூல் எடுப்போரில் ராமநகரம், சித்லகட்டா பக்கங்களில் முஸ்லிம்கள் மிகுதி. முறுக்கேறிய நூல் ஆரணி வந்து சாயக்காரர் கைக்குப் போகிறது. ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. பெண்கள் திண்ணையில் அமர்ந்து ராட்டினத்தில் தார் சுற்றுகிறார்கள். மூன்று சேலைக்குரிய பாவு ஏறத்தாழ இருபது கஜ நீளம் உடையது. அதை நீட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்ட வேண்டும். அதற்கு நேரான தெரு வேண்டும். அண்டை வீட்டாரின் இசைவும் வேண்டும். பின்னர் அது தறியில் ஏறுகிறது. தறி இருப்பது தனிக் கொட்டகையில் அன்று, வீட்டின் நடுக்கூடத்தில். குழியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து மிதிக்கிறார் நெசவாளர். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. மழை பலத்தால் குழியில் நீர் ஊறும், தறி நிற்கும். அரிசி ஆலையிலும் அப்படித்தான். ஊறவைத்து அவித்த நெல் களத்தில் காய வெயில் வேண்டும். இயந்திர உலர்த்திகள் வருமுன் வானம் மூடினால் இரு தொழிலாரும் ஒரே முகத்தோடு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆகவே ஜரிகைக் கடைக்கு மேலே பள்ளியும், தறிக்கு எதிரே மண்டியும், கோபுரத்தை அடுத்து மினாராவும் தற்செயலாய் அமைந்தவையல்ல. ஒருவர் கைப்பொருள் மறுநாள் இன்னொருவர் கைக்குப் போகவேண்டிய ஊரில் எவரும் எட்டிக் குடியிருக்க முடியாது. ரயில் பாதை கூட இவ்வூரை நெருக்கிப் பிரிக்கவில்லை. விழுப்புரம் - காட்பாடிப் பாதையில் ஆரணி ரோடு என்னும் நிலையம் சில மைல்களுக்கு அப்பால் களம்பூரில் இருக்கிறது; களம்பூரோ தன் பங்குக்கு அரிசியால் பெயர் பெற்றுவிட்டது.

பட்டைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. பட்டும் பொன்னும் பெண்களுக்கு ஆகுமானவை, ஆண்களுக்கு விலக்கப்பட்டவை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. இந்த விலக்கு நெசவுக்குத் தடையாகாமல் புதியதொரு துணியையே பிறப்பித்தது. உடலில் படும் பக்கம் பருத்தியும் வெளிப்பக்கம் பட்டுமாக நெய்து அதற்கு மஷ்ரூ என்று பெயரிட்டார்கள். அரபியில் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். குஜராத்திலும் தக்காணத்திலும் அது செல்வர்களின் உடையாக விளங்கியது. ஆரணியின் நெசவு பெண்களின் சேலையையே நம்பியிருப்பதால் இந்தச் சங்கடம் அதற்கு இல்லை. நிக்காஹ் வீட்டுக்குப் பட்டெடுக்க நம் பகுதிக் குடும்பங்கள் வழக்கமாய் நாடும் ஊர்களுள் ஆரணியும் ஒன்று. இலேசான எடையும், கட்டங்களும், அளவான ஜரிகையும் ஆரணிச் சேலைக்கு அடையாளங்கள்.

அழகை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. மேலே சொன்ன கொடுக்கல் வாங்கலில் கடனும் ஓர் இழை. நெசவாளர் பலருக்குத் தறி சொந்தம், நூல் முதலாளியுடையது. முதலாளி தரும் முன்பணம் மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவாகிவிடும். அது அடையும்வரை வேறொருவருக்கு நெய்ய இயலாது. அந்தக் கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் தறியில் உட்கார்ந்த காலமும் இருந்தது. கொத்தடிமை முறை 1976-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆயினும் 2003-ல் வெளியான மனித உரிமை அமைப்பின் அறிக்கை ஒன்று காஞ்சிபுரத்துத் தறிகளிலும் கர்நாடகத்து நூலெடுப்புக் கூடங்களிலும் அடமானத்தில் உழைத்த சிறுவர் சிறுமியரைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கொதிநீரில் கூடுகளைத் துழாவிய பிஞ்சு விரல்களைப் பற்றி அதில் படிக்கிறோம். அக்கூடங்களின் உரிமையாளர்களில் நம் சமுதாயத்தவரும் நிறைய இருந்தனர். திப்புவின் பெருமையைப் பேசும் நாவு இதையும் பேசவேண்டும். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர் நாம்.

பள்ளிக்கூடம் தறியை வென்றுகொண்டிருப்பது இன்றைய நிலை. நெசவாளரின் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். செய்யாற்றுத் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைகள் சுற்றுவட்டாரத்துப் பெண்களைப் பேருந்து அனுப்பி அழைத்துச் செல்கின்றன. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் தவறாத சம்பளத்தை விட்டுவிட்டுக் குழியில் இறங்கு என்று எந்த இளைஞரிடம் சொல்வது? ஆனால் இன்னொரு பகையை அப்படி விட்டுவிட முடியாது. பட்டுச் சேலை கைத்தறிக்கே உரியது என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சேலை கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருவது நிற்கவில்லை. கைத்தறியில் பல நாள் உழைத்து முடிப்பதை விசைத்தறி மிக விரைவில் முடித்துவிடும். விலையில் அதனோடு போட்டியிட எந்த நெசவாளராலும் ஆகாது.

பெயரும் ஒரு சிக்கல். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணி என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. ஆனால் ஆரணியிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் நெய்யப்படும் சேலைகள் பல, பெரிய நகரத்துக் கடைக் கண்ணாடிக்குள் நுழையும்போது காஞ்சிபுரமாகிவிடுகின்றன. காஞ்சியின் மீது நமக்குக் கோபமில்லை. நெய்தவர் ஊரின் பெயரைக் கடைக்காரரிடம் கேட்கும் பழக்கம் வாங்குபவருக்கு வந்தால் போதும். அரிசி மூட்டையின் மேல் ஆரணி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கும் நாம், அதைவிடப் பலமடங்கு விலையுள்ள சேலைக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

தெருக்களும் மாறுகின்றன. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகின்றன. மாடி வீட்டின் தளத்தில் குழி தோண்ட எவரும் விரும்புவதில்லை. நெல் வயல்கள் மனைகளாகின்றன. கிளைவின் காலத்துச் சேறு எங்கே இருந்திருக்கும் என்று தேடினால் எல்லைக் கற்களே கண்ணில் படும். வாசலுக்கு வாசல் நிற்கும் இருசக்கர வாகனங்களுக்கிடையில் இருபது கஜம் நேராகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. இன்னும் பாவு நீட்டும் தெருக்களில் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, பள்ளி வண்டிகள் வருமுன் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.